சாயங்காலத்தில் திறக்கும் தோட்டம்

தோட்டம் ஒரு கலையா? 1790-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் இதற்கு ஆமென்று சொல்லி, அதை ஓவியத்தின் ஒரு கிளையாகச் சேர்த்துவிட்டார். புல்லையும் பூவையும் நீரையும் கண்ணுக்கு இதமாக அடுக்கும் கலை என்பது அவர் கணக்கு. ஐரோப்பியப் பூங்காக்களுக்கு அது சரி. காவிரிக்கரைக் கோயில் நந்தவனத்துக்குள் விட்டிருந்தால் மனிதர் திணறியிருப்பார்.

அங்கே நின்று பார்க்க ஒரு காட்சியே கிடையாது. மதிலோரம் பாத்தி பாத்தியாகச் செடிகள். மல்லிகையை விரியும் முன்பே பறித்துவிடுவார்கள். பறிப்பவர் முகர்ந்து பார்க்கவும் கூடாது. சாமிக்கு முன்னால் நம் மூக்கு முந்தக் கூடாதென்பது வழக்கம். திருமண்டங்குடியில் பிறந்து திருவரங்கத்தில் நந்தவனம் வளர்த்த தொண்டரடிப்பொடி ஆழ்வாருக்கு மாலைதான் கலை. தோட்டம் அதன் பட்டறை. ஆனாலும் இதை வெறும் பூப்பண்ணை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இதன் அழகு நேரத்தில் இருக்கிறது.

குண்டுமல்லியை எடுத்துக்கொள்வோம். விடிகாலையில் பறிக்கும் மொட்டில் வாசனை அநேகமாக இல்லை. தொடுத்துச் சாற்றி, அந்திவேளைப் பூஜையான சாயரட்சை நெருங்கும்போதுதான் மணக்கத் தொடங்கும். மல்லிகை தன் மணத்தை மொட்டில் சேர்த்து வைப்பதில்லை. இதழ் விரிய விரிய, அதன் செல்கள் பென்சைல் அசிடேட், லினலூல் போன்ற ஆவியாகும் சேர்மங்களைத் தயாரித்து உடனுக்குடன் காற்றில் விடுகின்றன. காம்பிலிருந்து பிரித்த பிறகும் பல மணி நேரம் இந்த வேலை நிற்காது. பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக்காரர்கள், பறித்த மல்லிகையைக் கொழுப்புத் தடவிய கண்ணாடியில் பரப்பி, கொழுப்பு மணத்தை உறிஞ்சும்வரை காத்திருந்தது இதற்காகத்தான். அந்த மணத்தில் இண்டோல் என்ற சேர்மமும் உண்டு. அடர்த்தியாக இருந்தால் அது மலநாற்றம் அடிக்கும்; துளியாகக் கலந்தால்தான் மல்லிகைக்கு அந்தக் கிறக்கம். (பூ கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.)

இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்கு நிறம் உதவாது. வெளிறிய இதழும் தூரம் போகும் மணமும் வேண்டும். இரவுப் பூக்கள் பலவும் வெள்ளையாக இருப்பது அதனால்தான். காற்றும் ஒத்துழைக்கிறது. பகலில் சூடேறிய தரை காற்றை மேலே கிளப்புவதால் வாசனை கலைந்துபோகும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் கீழ்க்காற்று அசையாமல் படிகிறது. ‘மன்னார்குடி மதிலழகு’ என்பார்களே, அப்படி உயர்ந்த மதில் இருந்தால் பக்கக்காற்றும் அடங்கும். வாசனைக்காக யாரும் மதில் எழுப்பவில்லை, ஆனாலும் பலன் கிடைக்கிறது.

மற்றச் செடிகளுக்கும் அவரவர் நேரம் உண்டு. காலையில் விரியும் செம்பருத்திக்கு மணமே தேவையில்லை. அதன் சிவப்பைப் பார்த்துத் தேன்சிட்டு வரும். குளத்துத் தாமரை பகலில் விரியும், அல்லி இரவில். பவளமல்லி அந்தியில் மலர்ந்து விடியலில் உதிர்கிறது. பூவின் அடியில் உள்ள செல்களின் சுவர் கரைந்து பூ கழன்றுவிடும். மண்ணில் விழுந்ததைப் பொறுக்கிப் பூஜைக்கு வைக்கலாமென்று அதற்கு மட்டும் சலுகை. பூக்கள் திறந்து மூடும் வேளையை வைத்தே மணி சொல்லலாமென்று 1751-இல் ஸ்வீடன் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் எழுதினார். இங்கே அதே வேலையைக் காலபூஜைகள் செய்யவைத்தன: எந்தப் பூஜைக்கு எந்தப் பூ தயாராகும் என்று தெரிந்தவரே நல்ல நந்தவனக்காரர்.

இதற்கு எவ்வளவு இடம் தந்தார்கள் என்பதற்குத் திருவாரூர் சாட்சி. கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, செங்கழுநீர் ஓடை ஐவேலி என்பது ஊர்ப்பேச்சு. ஒரு வேலி சுமார் 6.67 ஏக்கர். பூவுக்கான ஓடையும் கோயிலும் ஒரே அளவு!

டெல்டாவின் களிமண் மல்லிகைக்கு அவ்வளவு உகந்ததல்ல. ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மணல் கலந்த ஆற்றுப் படுகை தேவலை, மற்ற இடங்களில் மேட்டுப்பாத்தி போட வேண்டும். மழை ஓய்ந்ததும் மார்கழியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால், புதுத்தளிரின் நுனியில் பங்குனிவாக்கில் மொட்டு கட்டும்.

இப்போது சில கோயில்களில் நந்தவன இடத்தைப் புல்தரையும் குரோட்டன்ஸும் பிடித்திருக்கின்றன. படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கிறது, காண்டுக்கும் பிடித்திருக்கும். மல்லிகையைத் திரும்பக் கொண்டுவர நினைக்கிறவர்கள் வெயில் விழும் பக்கமாகப் பார்த்துப் பதியன் வைக்க வேண்டும். நிழலில் அது இலையாகவே வளரும்.