தென்னம்பிள்ளையின் இலைக்காம்பு நிறம் சொல்வதும் சொல்லாததும்

குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் தென்னை வைக்க விரும்புவோர், வாங்கி வந்த பிள்ளையைக் காட்டி "இது எந்த ஊர் ரகம்?" என்று கேட்பது தோட்டக்கலை ஆலோசகர்களுக்கு வாடிக்கையான கேள்வி. பிள்ளையை மட்டும் பார்த்து அதற்கு விடை சொல்வது பெரும்பாலும் இயலாது.

வளர்ந்த மரத்தில் நெட்டை, குட்டை வேறுபாடு வெளிப்படையானது. நெட்டையின் அடித்தூர் பருத்திருக்கும். குட்டையின் தண்டு பெரும்பாலும் அடியிலிருந்தே ஒரே பருமனாக, மட்டை விழுந்த வடுக்கள் நெருங்கியதாக இருக்கும். குட்டை 3, 4 ஆண்டுகளில் பாளை விடும். நெட்டைக்கு 6, 7 ஆண்டுகளாவது ஆகும்.

ஆனால் மேற்குக் கடற்கரை நெட்டை, கிழக்குக் கடற்கரை நெட்டை, நமக்கு அண்டையிலுள்ள அரசம்பட்டி நெட்டை, கர்நாடகத்தின் திப்தூர் நெட்டை ஆகியவற்றை நாற்றுப் பருவத்தில் கண்ணால் பிரித்தறிவதாக எவரேனும் சொன்னால் நான் நம்புவதில்லை. நெட்டை மரத்துப் பாளையில் ஆண் பூக்கள் உதிர்ந்து முடிந்த பிறகே பெண் பூக்கள் கருவுறத் தயாராகும் என்பதால், மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்தே வரும். ஒரே தோப்பில் பச்சைக் காயும் பழுப்புக் காயும் கலந்து காய்ப்பது அதனால்தான். குலையில் சிறு காய்கள் நெருக்கமாகத் தொங்கும் ஆயிரங்காய்ச்சியைக்கூடக் காய்த்த பிறகே அடையாளம் காண முடியும்.

காம்பு நிறம் பயன்படும் இடம் ஒன்று உண்டு. செவ்விளநீர் தரும் சாவக்காடு ஆரஞ்சுக் குட்டையைத் தாயாகவும் மேற்குக் கடற்கரை நெட்டையைத் தந்தையாகவும் கொண்டு உருவாக்கும் வீரிய ஒட்டு நாற்றங்காலில், ஆரஞ்சுக் காம்புள்ள பிள்ளைகள் தாய்க் குட்டையின் சொந்த மகரந்தத்தாலேயே உருவான வெறும் குட்டைகள். அவற்றைக் கழித்துவிட்டு, பழுப்பு அல்லது பச்சை கலந்த காம்புள்ளவற்றையே ஒட்டு என்று வைத்துக்கொள்வார்கள். வாங்குவோரோ, நிறம் எடுப்பாக இருக்கிறதென்று ஆரஞ்சுப் பிள்ளையைத் தேடிப் பொறுக்கி, ஒட்டு ரகத்தின் விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். செவ்விளநீருக்காகவே வைப்பவருக்கு அது குறையன்று. ஆனால் அந்தக் குட்டை வறட்சி தாங்காது, நம் வேலூர்க் கோடையில் தண்ணீர் தவறினால் குரும்பை கொட்டிவிடும்.

9 முதல் 12 மாத வயது, 6 இலைகள், 10 செ.மீ. கழுத்துச் (தண்டின் அடிப்பகுதி) சுற்றளவு என்பவை பிள்ளையின் வீரியத்துக்கான அளவுகளே, ரகத்துக்கானவை அல்ல. ரகம் அறிய, விதைக்காய் எடுத்த தாய்மரத்தை நேரில் பாருங்கள். இயலாவிட்டால், தாய் தந்தை ரகங்களைக் குறித்துத் தரும் அரசுத் தென்னை நாற்றுப்பண்ணையில் வாங்கி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.