குறிப்பேட்டில் 'பழம்' என்று எழுதியிருந்தது

ஆலோசனைக்கு வருபவர்களிடம் ஒரு வார உணவுக் குறிப்பேட்டை முதலில் கேட்டு வாங்குவது உணவியலாளராகிய என் வழக்கம். நீரிழிவுக்காக வந்த ஒருவர், தினமும் காலையில் 'ரொட்டி, பழம்' என்று தவறாமல் எழுதியிருந்தார். ஆனாலும் காலை உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு மட்டும் இறங்கவே இல்லை. பழத்தை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தபோதுதான், அதை மிக்சியில் அடித்து, வடிகட்டி, சக்கையை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் குடிக்கிறார் என்பது தெரிந்தது. "ஒரு சிட்டிகை சர்க்கரைகூடச் சேர்ப்பதில்லை, பழத்தில் இருப்பதுதானே உள்ளே போகிறது?" என்றார். பழத்தின் சர்க்கரை முழுவதும் உள்ளே போயிற்று என்பது உண்மைதான். அதைப் பிடித்து வைத்திருந்த நார் குப்பைக்குப் போய்விட்டதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஓர் உணவில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்கப் பழகிய அளவுக்கு, அந்தச் சத்து எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்க நாம் பழகவில்லை. 1977ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும், மசித்த கூழாகவும், நார் நீக்கிய சாறாகவும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் சர்க்கரையின் அளவு ஒன்றே. சாற்றை, முழுப் பழத்தை உண்பதைவிடப் பதினொரு மடங்கு வேகமாகக் குடித்து முடிக்க முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வோ சாற்றில்தான் மிகக் குறைவு. சாற்றுக்குப் பின் இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, ஏறிய இரத்தச் சர்க்கரை பிறகு சட்டென்று தாழ்ந்தது. உலக சுகாதார நிறுவனம், உண்ணும் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரையைச் சேர்த்துவிட்டு, முழுப் பழத்தில் உள்ளதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறது.

பாதாம் பருப்பு இதற்கு இன்னொரு நல்ல சான்று. வழக்கமான கணக்கீட்டின்படி 28 கிராம் பாதாமில் ஏறத்தாழ 170 கலோரி இருக்க வேண்டும். 2012இல் வெளியான ஆய்வொன்றில், அதை உண்டவர்களின் உடலில் உண்மையில் சேர்ந்தது 129 கலோரி அளவுதான் என்று கண்டார்கள். நன்றாக மென்ற பிறகும் உடையாமல் எஞ்சும் செல்சுவர்களுக்குள் கொழுப்பின் ஒரு பகுதி சிக்கிக்கொண்டு, செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

பதப்படுத்திய உணவைப் பற்றிப் பேசும்போது 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்திய சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருபது பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன; எவ்வளவு உண்பது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவைத் தின்ற நாட்களில் அவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். சிறிய, குறுகிய காலச் சோதனைதான் என்றாலும், 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று நோயாளியைக் குறைசொல்ல எனக்கு அதன்பின் மனம் வருவதில்லை.

பதப்படுத்துதல் எல்லாமே தீங்கு என்று இதற்குப் பொருளில்லை. பறித்தவுடன் உறையவைத்த பட்டாணி, பல நாள் வாடிக் கிடந்த 'புதிய' பட்டாணிக்குச் சத்தில் குறைந்ததன்று. தக்காளியைச் சமைத்தால் அதிலுள்ள லைக்கோபீன் என்ற சிவப்பு நிறச் சத்து உடலில் எளிதாகச் சேர்கிறது. உலர்த்துவதும் புளிக்கவைப்பதும் உணவின் கட்டமைப்பைச் சிதைத்துவிடுவதில்லை. தானியத்தின் தவிட்டையும் முளையையும் நீக்கி, எஞ்சிய மாவுக்குச் சுவையும் நிறமும் ஒட்டவைப்பது வேறு வகை வேலை. முளையிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால், அதை நீக்கினால் மாவு நெடுநாள் கெடாது. அந்த நன்மை கிடங்குக்கு.

அடுத்த முறை அவர் வந்தபோது ரொட்டி உறையையும் கொண்டுவரச் சொன்னேன். முன்பக்கம் 'பல தானியம்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பின்பக்கப் பொடி எழுத்தை அவரையே வாசிக்கச் சொன்னேன். பெரும்பாலான நாடுகளில் சேர்மானங்களை எடை கூடியது முதலில் வரும் வரிசையில்தான் அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலில் முதலில் மைதா, தானியங்கள் எங்கோ நடுவில். பழுப்பு நிறம் தவிட்டால் வந்ததன்று, கேரமல் நிறமியால் வந்தது. சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று வேறு வேறு பெயர்களில் பிரிந்து கிடந்தது. அப்படிப் பிரித்தால் எந்தப் பெயரும் பட்டியலின் உச்சிக்கு வராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தார்.

உணவை மாற்ற முனையும்போது சிலர் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பழமும் காய்கறியும் தரும் பொட்டாசியமே ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வைட்டமின் கே மிகுந்த கீரைகளைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரே அளவில் உண்டு வர வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் உணவை மட்டும் மாற்றிவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும். குறிப்பேட்டோடு வந்தவருக்கும், சாற்றையும் ரொட்டியையும் மாற்றிய சில வாரங்களில் அவருடைய மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. பழத்தை மென்று தின்னக் கால் மணி நேரம் ஆகிறது என்பதுதான் இப்போது அவருடைய புகார்.