ஆஃப்-பீஸ்ட்: மிதிதடமும் மிதியாப் பனியும்

‘ஆஃப்-பீஸ்ட்’ என்னும் சொல்லைத் தமிழாக்கப் புகுபவருக்கு முதலில் தோன்றுவது ‘தடம் விலகிய பனிச்சறுக்கு’ என்பதாகவே இருக்கும். அது தவறன்று, ஆனால் அதில் ரயில் விபத்தின் சாயல் இருக்கிறது. தடம் புரண்டது, தடம் மாறியது, தடம் தவறினான் என்றெல்லாம் சொல்லிப் பழகிய காதுக்கு, வேண்டுமென்றே பாதையை விட்டு இறங்கி மகிழும் ஒருவரின் செயல் பிழையாகவே ஒலிக்கும். மூலச்சொல்லை அதன் வேர்வரை பார்த்துவிட்டால் வேறொரு வழி கிடைக்கிறது. பனியில் சறுக்கக் காலில் பூட்டும் ஸ்கீயில் எதை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை அந்த வேரிலேயே இருக்கிறது.

‘பீஸ்ட்’ பிரெஞ்சுச் சொல். விலங்கு நடந்து போன சுவடு என்பது அதன் பழைய பொருள்களுள் ஒன்று. பிரெஞ்சுக்கு அது இத்தாலிய மொழியின் ‘பிஸ்தா’விலிருந்து வந்தது, அதற்கும் அடியில் ‘பெஸ்தாரே’ என்னும் வினை கிடக்கிறது. இடித்தல், குத்துதல், மிதித்துத் துவைத்தல் என்பன அதன் பொருள்கள். சொற்பிறப்பு நூலார் இதை இலத்தீனின் ‘பின்செரே’ வரை கொண்டுசெல்வர். அதே குடும்பத்தில்தான் ஆங்கிலத்தில் குழவியைக் குறிக்கும் ‘பெஸ்டல்’, எந்திரத்தின் ‘பிஸ்டன்’, துளசி இனத்து இலையை இடித்துச் செய்யும் இத்தாலியத் துவையலான ‘பெஸ்தோ’ ஆகியவையும் இருக்கின்றன. ஆகவே ‘பீஸ்ட்’ என்பது வெறும் பாதையன்று. மிதிபட்டு மிதிபட்டு உண்டான பாதை. நம் ஒற்றையடிப் பாதை உண்டாகும் விதமும் அதுதானே. குதிரைப் பயிற்சிக் களம், வாள்வீச்சு மேடை, பிரெஞ்சில் விமான ஓடுபாதை என்று இச்சொல் பல இடங்களுக்குப் போயிருந்தாலும், பனிமலையில்தான் அதன் பழைய பொருள் மறுபடி உயிர்பெற்றது. அங்கே ஒவ்வோர் இரவும் சங்கிலிப் பட்டை பூட்டிய வண்டிகள் சரிவில் ஏறி இறங்கிப் பனியை அமுக்கி, பின்பக்கச் சுழலியால் கிளறி, சீப்பால் வாரியது போன்ற நெருங்கிய வரிகளை விட்டுச் செல்கின்றன. காலையில் முதல் ஆளாக அதில் இறங்குபவர் காண்பது, சொல்லின் வேர்ப்பொருள்படியே, இடித்துக் கெட்டிப்படுத்திய தரையை.

இதற்கு எதிர்நிலையே ஆஃப்-பீஸ்ட்: வண்டி மிதிக்காத பனி. பிரெஞ்சில் ‘ஓர்-பீஸ்ட்’, இத்தாலியத்தில் ‘ஃபுவோரிபிஸ்தா’. இரண்டும் ‘தடத்துக்கு வெளியே’ என்றே சொல்கின்றன. ஐரோப்பிய ஆல்ப்ஸில் இந்த வெளி என்பது எல்லைக் கம்பத்திலிருந்து இரண்டு அடி தள்ளியே தொடங்கிவிடும். பொதுவாக அங்கே, மலைப்பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவு ஆபத்துக்கான கண்காணிப்போ காவற்குழுவின் சுற்றோ இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வட அமெரிக்காவிலோ, வண்டி ஏறாத சரிவாக இருந்தும் பனிச்சறுக்கு விடுதியின் எல்லைக்குள் காவலோடு இருக்கும் பகுதிகள் நிறைய உண்டு. எல்லை தாண்டிய காட்டுமலையை அவர்கள் வேறு பெயரிட்டு அழைக்கிறார்கள். காஷ்மீரின் குல்மார்க்கில் கம்பிவட வண்டி அஃபர்வட் மலையின் தோள்வரை ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து இறங்கும் சரிவுகளில் பெரும்பகுதி வண்டி மிதிக்காததுதான்.

தமிழில் ‘தடப்புறம்’ என்று சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். நகர்ப்புறம் என்றால் நகரத்தையே குறிக்கிறோம். அதனால் தடப்புறம் என்பது தடத்தையே குறிப்பதாக மயங்க இடமுண்டு. ‘புறத்தடம்’ என்றால் வெளியே இன்னொரு தடம் போட்டிருப்பதாக ஆகும். எனவே, பீஸ்ட் என்பதற்கு ‘மிதிதடம்’ என்ற வினைத்தொகையையும், ஆஃப்-பீஸ்ட் என்பதற்கு ‘மிதியாப் பனி’ என்பதையும் முன்வைக்கிறேன். வாடா மலர், பொய்யா மொழி என்னும் வரிசையில் வரும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் அது. குறைகூறும் தொனி அதில் இல்லை. ‘முன்னால் போன பத்துப் பேர் கலைத்துவிட்ட பனி எப்படி மிதியாப் பனியாகும்?’ என்று கேட்கலாம். இங்கே மிதி என்பது மண்ணைக் குயவர் மிதிப்பது போன்ற, பதப்படுத்தும் மிதி. போகிறபோக்கில் விழுந்த கீறல்கள் அந்தக் கணக்கில் வாரா. ஆயினும் எச்சரிக்கைப் பலகையில் எழுதுவதானால் ‘தடத்துக்கு வெளியே செல்லாதீர்’ என்று நேராக எழுதுவதே நல்லது. அங்கே சொல்லழகுக்கு வேலை இல்லை.

‘ஸ்கீ’ என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கீத்’ என்றால் பிளந்த மரத்துண்டு. நார்வேக்காரர்கள் இன்றும் அதை ‘ஷி’ என்றே ஒலிக்கிறார்கள். நம்மிடம் மூங்கிலைப் பிளந்தெடுத்த துண்டுக்குப் ‘பிளாச்சு’ என்ற பெயர் ஆயத்தமாக இருக்கிறது. இரு கால்களையும் ஒன்றில் வைத்து நிற்கும் ஸ்னோபோர்டுக்குப் ‘பனிப்பலகை’ என்பதை விட்டுக்கொடுத்துவிட்டு, காலுக்கொன்றாகப் பூட்டும் ஸ்கீக்குப் ‘பனிப்பிளாச்சு’ என்று வைத்தால் குழப்பம் தீரும். வழக்கில் ஸ்கீயே நிலைத்துவிட்டதால் இனியும் அதையே எழுதுகிறேன்.

மிதியாப் பனிக்கு ஏன் வேறு ஸ்கீ வேண்டும்? காற்றில்லாத இரவில் விழுந்த புதுப்பனி ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடைதான் இருக்கும். சில இரவுகளில் விழுவது அதிலும் பாதி. வண்டி அமுக்கிய மிதிதடத்தில் அதே கனமீட்டர் 400 கிலோவைத் தாண்டிவிடும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் காலணியோடு புதுப்பனியில் நின்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 160 கிராம் அளவில் அழுத்துவார், தொடைவரை இறங்கிவிடுவார். 180 சென்டிமீட்டர் நீளமும் சராசரி 11 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இரண்டு ஸ்கீக்களின் மேல் அவரே நின்றால் அந்த அழுத்தம் 20 கிராமாகக் குறைகிறது. வண்டி பனியைக் கெட்டியாக்கித் தந்த தாங்குதிறனை, இங்கே ஸ்கீயின் பரப்பு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பரப்பைப் பற்றிய செய்தி ஸ்கீயின் மேலேயே, பெரும்பாலும் வால்பக்கம், சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ‘132-98-120, ஆர் 19’ என்று இருந்தால், முனை 132 மில்லிமீட்டர், இடை 98, வால் 120. பக்க வளைவை நீட்டி வட்டமாக்கினால் அதன் ஆரம் 19 மீட்டர். இம்மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது நடுவில் உள்ள எண்ணை. இடை சிறுத்திருப்பதைப் போற்றிப் பாடியே பழகிய மொழி நமது. மிதிதடத்தில் அந்தச் சுவை செல்லுபடியாகும். 65 முதல் 80 மில்லிமீட்டர் வரையுள்ள இடை, விளிம்பிலிருந்து விளிம்புக்குச் சட்டென்று மாறும், கெட்டிப் பனியைக் கத்திபோல் பற்றும். ஆழமான பொடிப்பனியில் அதே இடை மூழ்கும். அங்கே 110-க்கு மேற்பட்ட பருத்த இடை மிதக்கும். ஆனால் காலையில் உறைந்து கிடக்கும் குறுக்குச் சரிவில் அது முழங்காலை முறுக்கி வருத்தும்.

அடுத்தது வளைவு. இரண்டு ஸ்கீக்களின் அடிப்பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். நடுவில் வெளிச்சம் ஊடுருவும் இடைவெளி இருந்தால் அது வில்வளைவு. அதுவே கெட்டிப் பனியில் விளிம்பின் முழு நீளத்தையும் தரையில் பதிய வைக்கிறது. இரண்டும் தொடும் புள்ளி முனையிலிருந்து ஒரு சாணுக்கும் மேல் உள்ளே தள்ளி இருந்தால், முன்பகுதி தோணியின் அணியம்போல் முன்கூட்டியே எழும்புகிறது என்று பொருள். இதைத்தான் ‘ராக்கர்’ என்கிறார்கள். தோணிவளைவு என்றால் நமக்கு விளங்கும். நீரோடு இதற்குள்ள உறவு வெறும் உவமையும் அன்று. 2001இல் அலாஸ்காவில் ஷேன் மெக்காங்கி என்னும் வீரர் நீர்ச்சறுக்கு ஸ்கீக்களில் பனிக்காலணிப் பிடிகளைப் பொருத்தி மலையிலிருந்து இறங்கிப் பார்த்தார். அந்தச் சிந்தனையின் விளைவாக அடுத்து வந்த ‘வோலன்ட் ஸ்பாட்டுலா’ என்னும் ஸ்கீ முழுவதும் தோணிபோல் வளைந்திருந்தது; அதன் இடை முனையை விடப் பருத்திருந்தது. இன்றைய மிதியாப் பனி ஸ்கீக்கள் அந்த அளவுக்குப் போகாமல், முனையில் தோணியும் காலடியில் வில்லுமாகச் சமரசம் செய்துகொண்டவை.

சமரசம் தேவைப்படுவதற்குக் காரணம், ஒரே இறக்கத்தில் ஒரே பனி கிடைப்பதில்லை என்பதுதான். பிரான்சின் ஷமோனியில் ‘வாலே பிளான்ஷ்’ என்னும் புகழ்பெற்ற இறக்கம், 3,842 மீட்டர் உயரமுள்ள எகுய் டு மிடி சிகரத்தில் தொடங்கி, பனியாறுகளின் மேல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடுகிறது. கீழே பனி போதுமானால் ஊர்வரை, ஏறத்தாழ 2,800 மீட்டர் இறங்கலாம். மேல் முகட்டில் காற்று அடித்து இறுக்கிய பாளம் இருக்கும்; நிழல் விழும் பள்ளத்தில் பொடிப்பனி மிஞ்சியிருக்கும். வெயில் பட்டு மறுபடி உறைந்த பக்கத்தில் இருப்பது பொருக்கு: சோற்றின் மேலும் வற்றிய ஏரிமண்ணின் மேலும் காய்ந்து நிற்குமே, அதே பொருக்கு. ஆளைத் தாங்குவதுபோல் பாவனை காட்டி, திரும்பும் நேரத்தில் உடைந்து ஸ்கீயின் முனையை உள்ளே பிடித்துக்கொள்ளும் ‘உடைபொருக்கு’தான் எல்லாவற்றிலும் கொடியது. இளவேனிலில் இரவு உறைந்து முற்பகல் வெயிலில் மேற்பரப்பு மட்டும் இளகினால் குருணை அரிசி போன்ற பனி கிடைக்கும். ஜெர்மன் பேசுவோர் வழங்கும் ‘ஃபிர்ன்’ என்ற பெயருக்கு ‘சென்ற ஆண்டினது’ என்பது அடிப்படைப் பொருள். பழையது என்றால் நமக்குச் சோறு, அவர்களுக்குப் பனி. பகல் ஏற ஏற அந்தக் குருணையும் கரைந்து நடவு வயலின் தொளியாகிவிடும்.

இத்தனைக்கும் ஒரே ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால், 95 முதல் 105 மில்லிமீட்டர் வரை இடையும், காலடியில் வில்வளைவும், முனையில் தெளிவான தோணிவளைவும், 17 முதல் 20 மீட்டர் வரை ஆரமும் கொண்டதைத் தேர்வது என் பரிந்துரை. உடைபொருக்கில் முனை மேலெழும்ப வேண்டும்; வால் பனியில் சிக்காமல் வழுக்க வேண்டும்; அதனால் வாலிலும் சிறிது எழுச்சி இருப்பது நல்லது. எடையைக் குறைத்து விற்பதே இப்போதைய வழக்கமாகியிருக்கிறது. பின்னுக்கு வழுக்காமல் தடுக்கும் ஏற்றத்தோலை அடியில் ஒட்டி மலையேறுபவருக்கு அது வரம்தான். கம்பிவட வண்டியில் ஏறி இறங்க மட்டுமே செய்பவருக்கோ, கலைந்து இறுகிய பனியில் லேசான ஸ்கீ தட்டுக்கூடை போல் துள்ளும். மர உள்ளகத்தின் மேலும் கீழும் அலுமினியக் கலவைத் தகடு வைத்த, ஒன்று 2 கிலோ அளவுள்ள ஸ்கீ அந்த அதிர்வை விழுங்கிவிடும். நீளம் தம் உயரத்தை ஒட்டி இருக்கலாம். தோணிவளைவு கூடினால் தரையில் பதியும் நீளம் குறைவதால், மிதிதடத்து ஸ்கீயை விட 5 முதல் 10 சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்தாலும் திருப்புவது கடினமாகாது.

ஸ்கீக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைத்து, 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிப் பனியில் புதைந்தவரைக் கண்டறிய உதவும் பனிச்சரிவுத் தேடுகருவி, பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் வாங்கி, கூட வருபவர்களோடு அவற்றைப் பயன்படுத்திப் பழக வேண்டும். வாலே பிளான்ஷ் போன்ற பனியாற்றில் இடுப்புவாரும் கயிறும் இவற்றோடு சேரும். அங்கே புதுப்பனி மூடிய வெடிப்புகள் மேலிருந்து பார்க்கையில் மற்ற இடங்களைப் போலவே வெண்மையாகத்தான் இருக்கின்றன.