இரண்டு நாளில் கரைந்த பெரும்பான்மை

"2019 டிசம்பரில் 80 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்த பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சனை 2022 ஜூலையில் எதிர்க்கட்சியா கவிழ்த்தது? இல்லையே! அப்படியானால் அவ்வளவு அதிகாரமும் எங்கே போனது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எதற்கும் ஜாதகத்தில் பதில் வைத்திருக்கும் என் நண்பர், அஷ்டமத்துச் சனி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சனி மேல் பழி போடுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். பிரிட்டனுக்கு ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியல் சாசனம் கிடையாது. 1721-இல் பதவிக்கு வந்த ராபர்ட் வால்போலை முதல் பிரதமர் என்கிறார்கள். ஆனால் அந்தப் பதவிக்குச் சட்டப்படி சம்பளம் நிர்ணயித்தது 1937-இல்தான். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் சொந்தக் கட்சி கூடவே நிற்கும் வரை அவர் பிரதமர். அமைச்சர்களை வைப்பதும் நீக்குவதும் அவர் கையில். காமன்ஸ் சபையில் 95 பேர் வரை அமைச்சர்களாக இருக்கலாம். அவர்களுக்கு உதவியாக, அந்த வேலைக்கெனத் தனிச் சம்பளம் இல்லாத உறுப்பினர்களும் உண்டு. அரசுக்கு எதிராக வாக்களிக்க வேண்டுமென்றால் இவர்கள் எல்லோரும் முதலில் பதவியை விட வேண்டும். அதாவது, ஆளும் கட்சி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏற்கெனவே கட்டுண்டவர்கள். காகிதத்தில் பார்த்தால் அசைக்க முடியாத கோட்டை.

கோட்டை எப்படிச் சரிகிறது என்பதற்கு 1978-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கணக்குச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஒரு சதுக்கத்தில் 100 பேர் நிற்கிறார்கள். "எனக்கு முன்னால் இத்தனை பேர் கல்லெறிந்தால் நானும் எறிவேன்" என்று ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கிறது. அதைத் தயக்க எண் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அது 0, அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. பூஜ்யக்காரர் யாரையும் எதிர்பார்க்காமல் கல்லெறிகிறார். அதைப் பார்த்து 1 எறிகிறார், இருவரையும் பார்த்து 2 எறிகிறார். கடைசியில் நூறு பேரும் கலவரக்காரர்கள்.

இப்போது ஒரே ஒருவரை மட்டும் மாற்றுங்கள். தயக்க எண் 1 உள்ளவருக்கு 2 என்று வையுங்கள். பூஜ்யக்காரர் கல்லெறிகிறார். அடுத்து? யாரும் இல்லை. 2 உள்ளவர்கள் இருவர் இருக்கிறார்கள். ஆனால் கண்ணில் படுவது ஒரே கல். கலவரம் ஓர் ஆளோடு முடிந்துவிட்டது. இரண்டு கூட்டத்துக்கும் கோபத்தில் வித்தியாசமே இல்லை. சராசரி எடுத்தால் நூறில் ஒரு பங்குதான் மாறியிருக்கும். ஆனாலும் மறுநாள் செய்தித்தாள் முதல் கூட்டத்தை "கொந்தளித்த மக்கள்" என்றும், இரண்டாவதை "ஒரு கிறுக்கனின் செயல்" என்றும் எழுதும்! கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் கை காய உட்கார்ந்திருப்பதும், யாரோ ஒருவர் எழுந்ததும் வரிசையே எழுவதும் இதே கணக்குத்தான்.

ஜான்சனுக்கு வருவோம். அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியின் அப்போதைய விதிப்படி, கட்சியின் 15 சதவீத எம்.பி.க்கள் 1922 கமிட்டி என்ற தங்கள் அமைப்பின் தலைவருக்கு நம்பிக்கையில்லாக் கடிதம் எழுதினால் வாக்கெடுப்பு. (பெயரில் 1922 இருந்தாலும் கமிட்டி தொடங்கியது 1923-இல், பிரிட்டிஷ்காரர்களின் விளையாட்டு.) கடிதங்களின் எண்ணிக்கை தலைவருக்கு மட்டுமே தெரியும். இந்த ரகசியம் எழுதுகிறவரைக் காக்கிறது. ஆனால் முன்னால் எத்தனை கல் விழுந்தது என்பதையும் மறைத்துவிடுகிறது. தயக்க எண் 30 உள்ளவர், 29 பேர் எழுதிவிட்டார்களா, 40 பேரா என்று தெரியாமல் விழிக்கிறார்.

2022 ஜூன் 6-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஜான்சனுக்கு 211, எதிராக 148. வென்றார், விதிப்படி ஓராண்டுக்கு அவரைத் தொட முடியாது. ஆனால் அந்த வெற்றி ஒரு வேலையைச் செய்துவிட்டது. அதிருப்தியாளர்கள் ஒவ்வொருவருக்கும் தாங்கள் 148 பேர் என்று தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜூலை 5 மாலை சுகாதார அமைச்சர் சஜித் ஜாவித்தும் நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் சில நிமிட இடைவெளியில் ராஜினாமா செய்தார்கள். இது ரகசியக் கடிதம் இல்லை, ஊரே பார்க்க விழுந்த கல். இரண்டு நாளில் 50 பேருக்கு மேல் விலகினார்கள். ஜூலை 5 இரவு கல்வி அமைச்சரான மிஷேல் டோனலன் ஜூலை 7 காலை ராஜினாமா செய்துவிட்டார். சுனக்கின் நாற்காலியில் அமர்த்தப்பட்ட நதீம் சஹாவியோ, தனக்குப் பதவி கொடுத்தவரையே போகச் சொல்லிப் பகிரங்கமாக எழுதினார். அன்றே ஜான்சன் விலகலை அறிவித்தார். ஓராண்டுப் பாதுகாப்பு விதி அப்படியேதான் இருந்தது.

தலைமைப் பாணி என்று பத்திரிகைகள் பேசுவதைப் பெரும்பாலும் குணச்சித்திரமாகவே எழுதுகிறார்கள்: இரும்பு மனிதர், இனிய மனிதர் என்று. என் பார்வையில் பாணி என்பது சுற்றியிருப்பவர்களின் தயக்க எண்ணை ஏற்றுவதோ இறக்குவதோதான். பழைய பிரதமர்களில் கிளெமென்ட் அட்லி அமைச்சரவையில் மற்றவர்களைப் பேசவிட்டு, கடைசியில் இரண்டு வரியில் முடிவு சொல்வார். மார்கரெட் தாட்சர் தன் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு விவாதத்தைத் தொடங்குவார். வேலை வேகமாக நடக்கும். கூடவே அவமானமும் சேரும். பதினொரு ஆண்டுகளில் நீக்கப்பட்டவர்களும் பதவி கிடைக்காதவர்களும் பின்வரிசையில் குவிந்தார்கள். அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் எண் குறைவு. 1990 நவம்பரில் பூஜ்யக்காரராக எழுந்தவர், பல ஆண்டுகள் பொறுமையாக உடனிருந்த ஜெஃப்ரி ஹவ். ஆட்டம் தொடங்கும் முன்பே கேப்டனே மட்டைகளை உடைத்துவிட்டதைப் போல, என்று கிரிக்கெட் பாஷையில் சபையில் சொன்னார்.

நவம்பர் 20-ஆம் தேதி கட்சித் தலைமைக்கு நடந்த வாக்கெடுப்பில் தாட்சருக்கு 204, எதிர்த்து நின்ற மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. அன்றைய விதிப்படி முதல் சுற்றிலேயே வெல்ல 56 வாக்கு வித்தியாசம் வேண்டும், கிடைத்தது 52. இரண்டே பேர் பக்கம் மாறியிருந்தால் போதும்! மறுநாள் அமைச்சர்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார். நான் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் ஜெயிக்க முடியாது என்று பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கவனியுங்கள், யாரும் தன்னைப் பற்றிப் பேசவில்லை, மற்றவர்களைப் பற்றித்தான் பேசினார்கள். நவம்பர் 22 காலை விலகலை அறிவித்தார்.

 

இந்தக் கணக்கை உள்ளுணர்வாலேயே பிடித்துக்கொண்டவர் தாட்சருக்குப் பின் பிரதமரான ஜான் மேஜர். 1995 ஜூனில் முணுமுணுப்பு கூடியபோது, எதிரிகள் தங்களை எண்ணிப் பார்க்கும் முன்பே கட்சித் தலைமையை ராஜினாமா செய்துவிட்டுத் தானே மறுபடி போட்டியிட்டார். எதிர்த்து நின்ற ஜான் ரெட்வுட்டுக்கு 89 வாக்குகள். மேஜரின் மனதிலும் ஓர் எண் இருந்தது: 215-க்குக் கீழே போனால் விலகிவிடுவது என்று. அவருக்குக் கிடைத்தது 218.