நெட்டில் வருவதை சாட்டிலைட்டுக்கு ஏற்றாதீர்கள்

கல்லூரிகளில் செயற்கைக்கோள்களைக் கேட்க ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி) தரைநிலையம் அமைத்துக் கொடுக்கப் போகும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்பது இது: "சார், சாட்டிலைட் கேட்குது, நெட்டும் இருக்கு, ரெண்டு பக்கமும் இணைச்சுடலாமா?" ஒரு பக்கம் போதும். கேட்டதை நெட்டுக்குக் கொடுங்கள், அவ்வளவுதான்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ஏ.பி.ஆர்.எஸ். டிஜிபீட்டரையே (ஹாம்கள் அனுப்பும் சிறு தரவுச் செய்திகளை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுவதும் இறங்குவதும் ஒரே 145.825 மெகாஹெர்ட்ஸில், அதுவும் நொடிக்கு 1200 பிட் வேகத்தில். நிலையம் நம்மைக் கடக்கும் பத்து நிமிடத்துக்குள் தமிழ்நாடு, இலங்கை, ஆந்திரா என்று எல்லா ஊர் ஹாம்களும் அந்த ஒரே சந்துக்குள் நுழையப் பார்ப்பார்கள்; அப்போது ஒரு ஐகேட் (ரேடியோவையும் நெட்டையும் இணைக்கும் நிலையம்) நெட்டில் வரும் செய்திகளைத் தானாக மேலே தள்ளிக்கொண்டிருந்தால், மொட்டைமாடியில் 5 வாட் கைசெட்டோடு நிற்பவருக்கு இடமே கிடைக்காது. இரு பக்கமும் அனுப்பும் உள்ளூர் ஐகேட்டின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி அடித்துப் போட்டால் இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். டிரான்ஸ்மிட்டை அணைத்துவிடுங்கள். இன்னும் நல்லது, டிரான்ஸ்மிட்டரே இல்லாமல் ஆர்.டி.எல். டாங்கிள் (கணினியில் செருகும், கேட்க மட்டுமே முடிந்த சிறு ரேடியோ) மட்டும் வையுங்கள்.

கேட்பதற்கு எத்தனை நிலையம் வந்தாலும் பாதகமில்லை. ஒரே பாக்கெட்டைப் பலர் அனுப்பினால் சர்வரே இரட்டிப்பைக் கழித்துவிடும். கிரீஸின் லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளையின் சாட்நாக்ஸ் (உலகெங்கும் உள்ள தரைநிலையங்களின் வலையமைப்பு) இப்படிக் கேட்கும் நிலையங்களை வைத்தே ஓடுகிறது: கியூப்சாட் என்னும் குட்டிச் செயற்கைக்கோளை விட்ட குழுவின் ஊருக்கு மேல் அது இல்லாத நேரத்தில், உங்கள் ஆண்டெனா பிடித்த டெலிமெட்ரி (செயற்கைக்கோள் தன் நிலைபற்றி அனுப்பும் தரவு) அவர்களுக்குப் போய்ச்சேரும். ஆனால் நிலையத்தை ஓட்டும் ராஸ்பெர்ரி பை சிறுகணினியின் கடிகாரமும் நிலையத்தின் இடக்குறிப்பும் சரியாக இருக்கட்டும். 437 மெகாஹெர்ட்ஸில் டாப்ளரால், அதாவது செயற்கைக்கோளின் ஓட்டத்தால், அதிர்வெண் இருபுறமும் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் நகரும். நேரம் பிசகினால் திருத்தமும் பிசகும், பதிவு வீண். அப்புறம், பக்கத்தில் எஃப்.எம். வானொலிக் கோபுரம் இருந்தால் ஃபில்டர் இல்லாமல் டாங்கிள் திணறும்.

விண்வெளி வீரர்களோடு பள்ளிப் பிள்ளைகள் பேசும் ஏரிஸ் டெலிபிரிட்ஜில் (வேறோர் ஊர் தரைநிலையம் வழியாக இணைக்கும் ஏற்பாடு) குரல் மேலேயும் போகிறதே என்பீர்கள். போகிறது, ஆனால் அங்கே உரிமம் பெற்ற ஒருவர் செட்டின் முன் உட்கார்ந்திருக்கிறார், நேரமும் முன்பே குறித்தது. உங்கள் நிலையத்தையும் தூரத்திலிருந்து இயக்கத்தான் வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துபோட்டு சுலபமான பாஸ்வேர்டு வைக்காதீர்கள். யாரோ உள்ளே புகுந்து உங்கள் கால்சைனில் (உரிமத்தோடு தரும் அழைப்புக்குறி) அலை அனுப்பினாலும், உரிமம் உங்கள் பெயரில் இருப்பதால் தொலைத்தொடர்புத் துறை கேட்கப்போவது உங்களைத்தான்.