கிரேமர் சகோதரர்களின் இன்டர்கூலரும் கச்சான் காற்றும்

ஜெர்மனியின் கொலோன் நகரில் எர்வின், மன்ஃப்ரெட் கிரேமர் என்ற சகோதரர்கள் போர்ஷ கார்களைத் திருத்தி ஓட்டப்பந்தயங்களில் இறக்கினார்கள். எர்வின் தாமே ஓட்டுபவர். 1968இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேர ஓட்டத்தில் வென்ற போர்ஷ 911இன் மூன்று ஓட்டுநர்களில் ஒருவர். மன்ஃப்ரெட் இயந்திரப் பக்கம். 1979இல் போர்ஷ 935 காரைத் திருத்தி இவர்கள் செய்த 935 கே3, பிரான்சின் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் முதலாவதாக வந்தது. போர்ஷ நிறுவனமே இறக்கிய இரண்டு 936 கார்களும் முடிவுவரை ஓடவில்லை.

கே3இல் சகோதரர்கள் மாற்றியவை பல. நமக்குப் பயன்படுவது, டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றிப்போகும் டர்போ லொறிகளிலும் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது அதுதான்.

டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடேறும். சூடான கச்சான் காற்று வீசும் மதியம், வெளியே 35 பாகை என்று வையுங்கள். டர்போ 1.4 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம்) கூடுதலாக அமுக்குகிறது, அதன் திறன் 70 சதவீதம். கணக்குப் பார்த்தால் காற்று வெளியே வரும்போது ஏறக்குறைய 160 பாகை. சூடான காற்று ஐதானது. சிலிண்டருக்குள் ஒட்சிசன் குறைவாகப் போகும். பெற்றோல் இயந்திரம் என்றால் எரிபொருள் நேரத்துக்கு முன்னமே வெடித்து பிஸ்டனைத் தின்றுவிடும். டர்போவால் ஏறிய 125 பாகையில் 70 சதவீதத்தை எடுக்கும் இன்டர்கூலர் இருந்தால் காற்று 72 பாகைக்கு இறங்கும். அதே அமுக்கத்தில் 25 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும்.

போர்ஷ நிறுவனத்தின் 935இல் அமுக்கிய காற்றைக் குளிர்வித்தது தண்ணீர். முதலில் காற்றாலேயே குளிர்வித்தார்கள். 1976இல் பின்மூடி பற்றிய விதிச் சிக்கலால் தண்ணீருக்கு மாறினார்கள். கிரேமர்கள் வேறு வழியில் காற்றுக்கே திரும்பினார்கள். தண்ணீர் நிறையச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆகவே சில சுற்றுகளுக்கு அது நல்லது. ஆனால் வாங்கிய சூட்டை ஒரு ரேடியேட்டர் வழியே காற்றிடம்தான் விடவேண்டும். மணிக்கணக்காக ஓடும்போது தண்ணீரின் ஆரம்ப நன்மை தீர்ந்துபோய், இரண்டு இடத்தில் சூடு கைமாறும் நட்டம் மட்டும் மிஞ்சும். பம்ப், குழாய், தண்ணீர் என்று பாரமும் கூடும். கடலில் கதை வேறு. டர்போ பூட்டிய பெரிய படகு இயந்திரங்களில் கடல்நீர் இன்டர்கூலரே சரி, ஏனென்றால் சூட்டை வாங்கிய நீர் திரும்பி வருவதில்லை. அங்கே எதிரி உப்பு: குழாய்க்குள் படியும், அரிக்கும். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள உள்ளே பூட்டும் துத்தநாகக் கட்டை பாதி கரைந்ததுமே மாற்றவேண்டும்.

லொறி இழுக்கவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் பழி முதலில் கச்சானுக்குத்தான். அதிகாலை 27 பாகையில் மேலே சொன்ன கணக்கைப் போட்டால் இன்டர்கூலருக்குப் பிறகு 64 பாகை வரும். மதியத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வெறும் 3 சதவீதக் காற்று. அதை ஓட்டுநரின் கால் உணராது. கறுப்புப் புகையோடு இழுவை குறைந்தால் இன்டர்கூலருக்குப் போய்வரும் இறப்பர் ஹோஸையும் கிளிப்பையும் பாருங்கள். டர்போவின் வாய்ப்பக்கத்தை அடைத்து, 1 பார் காற்று ஏற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசினால் ஒழுகும் இடத்தில் நுரை தள்ளும். இன்டர்கூலரின் இறகுகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வோஷர் கிட்டப் பிடித்தால் இறகு மடங்கிவிடும். கழற்றும்போது உள்ளிருந்து நிறைய ஒயில் வடிந்தால் டர்போவின் சீலைச் சந்தேகிக்கலாம்.

இத்தனை யோசித்துச் செய்த கே3ஐ நிறுத்தப் பார்த்தது ஒரு பெல்ட். ஞாயிற்றுக்கிழமை, பெரிய இடைவெளியில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது எரிபொருள் பம்பைச் சுற்றும் பற்பெல்ட் போனது. எரிபொருள் வராமல் கார் பாதையோரம் நின்றது. அங்கே ஓட்டுநர் மட்டுமே காரில் கை வைக்கலாம். அதே ஓட்டத்தில் வெளியுதவி பெற்றதற்காக ஒரு 936 நீக்கப்பட்டது. அப்போது ஓட்டிக்கொண்டிருந்த டொன் விட்டிங்டன் தனியாக நின்று ஒட்டுப்போட்டு காரைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. ஆனால் துரத்தி வந்த காரின் சில்லு நட்டு இறுகிப்போய், கழற்றவே 20 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. கே3 307 சுற்று ஓடி வென்றது.

பற்பெல்ட் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. ஒயில் பட்டால் ஊதும், பெல்ட் ஓடும் கப்பிகள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஓரம் பிய்யும், தளர்ந்தால் பல் தாவிப் பிடுங்கும். ஆகவே புதுப் பெல்ட் போடுமுன் பழையது ஏன் போனது என்று பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே இடத்தில் போகும். மேலதிகமாக வைத்திருக்கும் பெல்ட்டை ஒருமுறை பூட்டிப் பார்த்து அளவு சரியென்று கண்டபிறகே லொறியில் வையுங்கள்; ஹபரணைக் காட்டில், யானை கடக்கும் நேரத்தில், அதைச் சோதிக்க வேண்டாம்.