மனச்சிதைவு: சொல் விளக்கம்

ஸ்கிட்ஸோஃப்ரினியா என்னும் மனநோய்க்கு இன்று தமிழில் நிலைபெற்றுள்ள பெயர் மனச்சிதைவு. தனித்தமிழ் நாடுவோர் உளச்சிதைவு என்று எழுதுவர். அருகில் யாரும் இல்லாதபோது குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற ஓர் ஐயம் எத்தனை விளக்கினாலும் அசையாமல் ஊன்றிவிடுவது, பேச்சில் கோவை அறுவது, தன் எண்ணத்தையும் செயலையும் வேறு யாரோ இயக்குவதாக உணர்வது, பேச்சும் ஆர்வமும் படிப்படியாக வற்றுவது ஆகியவை இதன் முதன்மையான அறிகுறிகள்.

மூலச்சொல்லைப் படைத்தவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர். 1908இல் பெர்லினில் ஆற்றிய உரையில் இதை முதலில் பயன்படுத்தி, 1911இல் வெளியிட்ட நூலில் விரித்து எழுதினார். அதுவரை வழங்கிய பெயர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் நிலைநிறுத்திய ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்பது. இளம் வயதிலேயே வரும் அறிவழிவு என்று அதற்குப் பொருள். கிரேப்பலின் நோய்களை அவற்றின் போக்கையும் முடிவையும் கொண்டு வகுத்தவர். விட்டுவிட்டு வந்து, இடையில் மனிதர் பழைய நிலைக்குத் திரும்பும் நோய்களை ஒரு பக்கமும், மீளாமல் தேய்ந்துகொண்டே போகும் நோயை மறுபக்கமும் அவர் 1899இல் பிரித்து வைத்தார். இன்றைய வகைப்பாடுகளின் அடித்தளத்தில் அந்தப் பிரிவினை இன்னும் இருக்கிறது. ப்ளாய்லரோ, இந்நோய் எல்லோருக்கும் இளமையில் வருவதில்லை என்றும், எல்லோரையும் அறிவழிவில் கொண்டு போய் விடுவதில்லை என்றும் கண்டார். ஆகவே முடிவைச் சொல்லும் பெயரை விலக்கிவிட்டு, உள்ளே நிகழ்வதைச் சொல்லும் பெயர் ஒன்றைத் தேடினார். எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று கொண்டிருக்கும் பிணைப்பு தளர்வதே நோயின் மையம் என்பது அவர் கருத்து. தம் நூலின் தலைப்பில் அவர் ‘ஸ்கிட்ஸோஃப்ரினியாக்களின் தொகுதி’ என்று பன்மையில் எழுதினார். ஒரே நோய் என்று அவரே நினைக்கவில்லை.

சொல்லின் முற்பகுதி பிளத்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது. பிற்பகுதியான ‘ஃப்ரென்’ கிரேக்கத்தில் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். நெஞ்சு என்ற ஒரு சொல்லால் உடலுறுப்பையும் மனத்தையும் சுட்டுகிற நமக்கு இதில் வியப்பில்லை.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். சிதை என்னும் வினைக்கு அழி, கெடு, உருக்குலை என்பன பொருள். சிதைந்த கோட்டை, கருச்சிதைவு என்னும் வழக்குகளில் மீட்சிக்கு இடமே இல்லை. பிளவைச் சொல்ல வந்த சொல்லை நாம் அழிவைச் சொல்லும் சொல்லால் பெயர்த்திருக்கிறோம். ப்ளாய்லர் எதைத் தவிர்க்கப் புதுப்பெயர் இட்டாரோ, அந்தக் கிரேப்பலினின் தீர்ப்பு தமிழில் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்பதே என் குறை.

இந்தக் குறைக்கு வேலூரிலேயே சான்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் வேலூர், சென்னை, லக்னோ ஆகிய மூன்று மையங்களில் இந்நோயினரைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 1989இல் வெளிவந்தன. இரண்டாண்டுக் கவனிப்புக்குப் பின் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர் என்பதே அதன் செய்தி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. நோயாளியுடன் உறவினரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்குபெறுவது அங்கே நெடுநாள் வழக்கம். ‘சிதைவு’ என்று பெயரிடப்பட்ட நோயோடு மகனோ மகளோ மீண்டும் வேலைக்குப் போவதை அந்தக் குடும்பங்கள் காண்கின்றன.

நோயை உறுதிசெய்யும் முறையும் முடிவை முன்கூட்டிச் சொல்வதன்று. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டித்தராது. தைராய்டு, வலிப்பு, போதைப்பொருள் போன்ற வேறு காரணங்களை விலக்கவே அவை உதவும். நோயாளியிடமும் வீட்டாரிடமும் பொறுமையாகக் கேட்டறிவதுதான் வழி. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி என்னும் நோய் வகைப்பாட்டின்படி குறிப்பிட்ட அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு, நோயின் அடையாளங்கள் மொத்தத்தில் 6 மாதம் தொடர வேண்டும் என்கிறது. இரண்டு மாதமாக இந்த அறிகுறிகள் உள்ள ஒருவருக்கு ஒரு நூலின்படி இந்நோய் உண்டு, மற்றதன்படி இன்னும் இல்லை. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஐசிடியின் அண்மைப் பதிப்பு உள்ளிட்ட ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே மனநோயைத் தீர்மானிக்கச் சொல்கிறது. ஓ.பி. சீட்டில் ‘எஃப் 20’ என்று எழுதியிருந்தால் அது ஐசிடி பத்தாம் பதிப்பின் குறியீடு. 2022 முதல் நடப்பிலுள்ள பதினோராம் பதிப்பில் அது ‘6ஏ20’. ஐயவகை, உடல் அசைவற்று இறுகும் இறுக்கவகை முதலான பழைய உட்பிரிவுகளை ஐசிடி பதினோராம் பதிப்பும் இன்றைய டிஎஸ்எம்மும் கைவிட்டுவிட்டன.

மனப்பிளவு என்று நேராகப் பெயர்த்தால் என்ன என்று கேட்கலாம். ஒரே ஆளுக்குள் இருவர் என்று திரைப்படங்கள் காட்டுவதை அது நினைவூட்டும். அது வேறு தலைப்பில் வரும் வேறு நோய். பைத்தியம் என்பது பித்தத்தின் கேட்டைக் காரணமாகக் கருதிய காலத்துச் சொல், இன்று வசவாகத் தேய்ந்துவிட்டது. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்று கூறி 18ஆக வகுத்தது. அவற்றில் ஒன்றை எடுத்து இந்நோயோடு பொருத்துவது வலிந்து செய்யும் வேலை. வட ஆற்காட்டு ஊர்ப்புறங்களில் ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்பார்கள். சோளிங்கர் மலையடிவாரத்துக்கு நோயுற்றோரை அழைத்துவந்து தக்கான் குளத்தில் நீராட்டும் குடும்பங்களின் வாயிலும் இத்தகைய சொற்களே வரும். பேதலித்தல் என்றால் வேறுபட்டுத் தடுமாறுதல். நூல்வழக்கைவிட இந்தப் பேச்சுவழக்கு உண்மைக்கு அருகில் நிற்கிறது.

பெயரை மாற்றிய நாடுகளும் உண்டு. ஜப்பானில் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பழைய பெயரை 2002இல் நீக்கி, ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ எனப் பொருள்படும் பெயரை வைத்தனர். அதன்பின் நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் மருத்துவர்கள் மிகுந்தனர். கொரியர்கள் தேர்ந்த பெயர் நரம்பிசைக் கருவிக்குச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது.

தமிழில் ‘எண்ணக்குலைவு’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. கூந்தல் குலைவதும் கட்டுக் குலைவதும் திரும்பச் சீராக்கக் கூடியவை. பிணைப்புத் தளர்வு என்ற ப்ளாய்லரின் கருத்தும் அதில் அடங்கும். குரல் கேட்பதையும் ஆர்வம் வற்றுவதையும் அது சொல்லவில்லை என்று ஒருவர் மறுத்தால் அந்த மறுப்பு நியாயமானதே. கிரேக்கச் சொல்லும் அவற்றைச் சொல்லவில்லை. அரசு ஆவணங்களிலும் சான்றிதழ்களிலும் மனச்சிதைவு என்பதே வழங்கும் வரை, புதுச்சொல்லை எழுதுவோர் அது முதலில் வரும் இடத்தில் பழையதையும் சேர்த்து எழுதுவது நல்லது.